இட்லிப் பானையும் ஹாட் டாக்கும்: வீட்டில் செய்து பார்ப்பவர்களுக்கு ஒரு வழிகாட்டி

ஹாட் டாக் செய்யலாம் என்று முடிவெடுத்ததும் நம்மில் பெரும்பாலோர் முதலில் செய்வது தோசைக்கல்லை அடுப்பில் ஏற்றுவதுதான். எண்ணெய் காய்ந்ததும் ஃப்ரீசரிலிருந்து எடுத்த சாசேஜைப் போட்டு உருட்டி, மேலே கருகியும் நடுவில் சில்லென்றும் இருக்கும் அதை ஒரு காய்ந்த பன்னுக்குள் செருகி, தக்காளி சாஸைப் பிழிந்து சாப்பிட்டுவிட்டு, இதற்கா இத்தனை பேச்சு என்று அலுத்துக்கொள்கிறோம். நானும் அப்படித்தான் தொடங்கினேன். நியூயார்க் நகரத் தெருமுனைகளில் தள்ளுவண்டியில் விற்கும் ஹாட் டாக் வேறு வகையைச் சேர்ந்தது என்பது பிறகுதான் புரிந்தது. அந்த வண்டிகளில் பலவற்றில் சாசேஜ் சுடுவெந்நீரில் மிதந்துகொண்டிருக்கும். பன் ஆவியில் மெத்தென்று இருக்கும். பக்கத்துத் தொட்டியில் சிவந்த வெங்காய சாஸ் சூடாகக் காத்திருக்கும். அந்த வெந்நீரை வைத்தே அவ்வூர்க்காரர்கள் இதை ‘அழுக்குத் தண்ணீர் டாக்’ என்று செல்லமாகக் கேலி செய்வார்கள். வெந்நீரும் ஆவியும்தான் இதன் அடிப்படை என்றால், தினமும் காலையில் இட்லிப் பானை ஏறும் சென்னைச் சமையலறைக்கு இதில் பாதி வேலை ஏற்கெனவே கைவந்ததுதான்.

இந்தச் சாசேஜ் ஜெர்மனியிலிருந்து குடிபெயர்ந்தவர்களோடு அமெரிக்கா போய்ச் சேர்ந்தது. ஃபிராங்க்ஃபர்ட் நகரின் பெயரால் ஃபிராங்க்ஃபர்ட்டர் என்றும், வியன்னாவின் பெயரால் வீனர் என்றும் இன்றும் அதை அழைக்கிறார்கள். நியூயார்க்கின் கோனி ஐலண்ட் கடற்கரையில் சார்லஸ் ஃபெல்ட்மன் என்ற ஜெர்மானியர் அதைப் பன்னுக்குள் வைத்து விற்றுப் பெரிய வியாபாரமாக வளர்த்தார். 1916-இல் அதே இடத்தில் நேதன் ஹேண்ட்வெர்க்கர் கடை போட்டு, ஃபெல்ட்மன் 10 சென்ட்டுக்கு விற்றதை 5 சென்ட்டுக்குக் கொடுத்தார். கடற்கரைக்கு வந்தவர்கள் நின்றபடியே வாங்கித் தின்றுவிட்டு நகர்ந்தார்கள். நம் ஊர்க் கையேந்தி பவன்களின் கணக்கும் ஏறக்குறைய இதுதான்: விலை குறைவாக இருக்க வேண்டும், கை நீட்டியதும் கிடைக்க வேண்டும், உட்கார இடம் தேடக்கூடாது. இதை மனத்தில் வைத்துக்கொண்டால் வீட்டில் செய்யும்போது தேவையில்லாத அலங்காரங்களைத் தவிர்த்துவிடலாம்.

வாங்கும்போது

நியூயார்க் வண்டிகளில் வழக்கமாகக் கிடைப்பது மாட்டிறைச்சிச் சாசேஜ். சென்னையின் சூப்பர் மார்க்கெட்டுகளிலும் கோல்ட் ஸ்டோரேஜ் கடைகளிலும் பெரும்பாலும் கோழிச் சாசேஜ்தான் கண்ணில் படும். சில கடைகளில் பன்றி இறைச்சியிலும் கிடைக்கும். கோழியில் கொழுப்பு குறைவு என்பதால் அது விரைவில் வறண்டுவிடும் என்பதை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பாக்கெட்டின் பின்புறத்தை நிதானமாகப் படிப்பது நல்லது. ஏற்கெனவே வேகவைத்துப் பதப்படுத்தியதா, பச்சையாக உறைய வைத்ததா என்பதைப் பொறுத்துச் சமைக்கும் நேரம் மாறும். உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் 14 இலக்க உரிம எண்ணும் காலாவதித் தேதியும் தெளிவாக இருக்க வேண்டும். பாக்கெட்டுக்குள் பனித்துகள்கள் கட்டியாக உறைந்திருந்தால், இடையில் ஒருமுறை உருகி மீண்டும் உறைந்திருக்க வாய்ப்புண்டு. மின்வெட்டும் வெயிலும் உள்ள ஊரில் இதைப் பார்க்காமல் வாங்கக்கூடாது. காக்டெய்ல் சாசேஜ் என்ற குட்டி வகையை வாங்கிவிடாதீர்கள். சுமார் 15 செ.மீ. நீளமுள்ளதுதான் பன்னுக்குப் பொருந்தும்.

சைவ வீடுகளில் கேரட்டை வைத்தே இதைச் செய்ய முடியும். பன்னின் நீளத்துக்கு ஏற்ற கேரட்டைத் தோல் சீவி, கத்தி முனை இலேசாக இறங்கும் பதத்தில் வேகவைத்து, சோயா சாஸ், வினிகர், பூண்டு, மிளகுத்தூள், சிறிது சர்க்கரை கலந்த நீரில் ஓர் இரவு ஊறவிட்டு, மறுநாள் தோசைக்கல்லில் வெண்ணெயோடு உருட்டி எடுத்தால் போதும். இறைச்சியின் சுவையை அதில் எதிர்பார்ப்பது நியாயமில்லை. ஆனால் கடுகும் வெங்காய சாஸும் மேலே வந்த பிறகு அது தனக்கென ஒரு ருசியோடு நன்றாகவே இருக்கிறது.

பன் விஷயத்தில்தான் சென்னையில் அலைச்சல். சில பெரிய கடைகளில் ஹாட் டாக் பன் என்றே பாக்கெட்டில் கிடைக்கிறது. கிடைக்காவிட்டால் தெருமுனை பேக்கரியில் கிரீம் பன்னுக்காகச் சுடும் நீளமான பன்னைக் கிரீம் வைக்காமல் கொடுக்கச் சொல்லிக் கேளுங்கள். சற்று இனிப்பாக இருந்தாலும் பாதகமில்லை. ஒருமுறை ஒரு பேக்கரியில் ‘இன்னிக்குச் சுட்டது சார்’ என்று சொல்லிக் கொடுத்த பன் வீட்டுக்கு வந்ததும் அடியில் பச்சைப் புள்ளியோடு இருந்தது. அதிலிருந்து பன்னை அமுக்கிப் பார்த்து, திருப்பிப் பார்த்து, முகர்ந்தும் பார்த்துத்தான் வாங்குகிறேன். நம் ஊர் ஈரக்காற்றில் பன்னை இரண்டு நாளுக்கு மேல் வெளியே வைக்காதீர்கள். எண்ணிக்கையையும் பார்த்துக்கொள்ளுங்கள். அமெரிக்காவில் சாசேஜ் பத்தாகவும் பன் எட்டாகவும் பாக்கெட்டில் வருவது பழைய நகைச்சுவை. இங்கும் கணக்கு சரியாக ஒத்துப்போவதில்லை.

இரண்டு நாள் முன்னதாகக் கடுகு

ஹாட் டாக்குக்கு உரிய மஞ்சள் நிற மஸ்டர்ட் சாஸ் பாட்டிலில் கிடைக்கிறது. நேரமில்லாதவர்கள் அதையே வாங்கிக்கொள்ளலாம். அமெரிக்காவில் 1904-இல் செயின்ட் லூயிஸ் உலகக் கண்காட்சியில் ஹாட் டாக்கோடு சேர்த்து அறிமுகமான இந்த மஞ்சள் கடுகு சாஸின் பளிச்சென்ற நிறம் கடுகினுடையது அன்று. அதில் சேர்க்கும் நம் மஞ்சள்தூளினுடையது. அப்படியானால் வீட்டிலேயே அரைத்துப் பார்க்காமல் இருப்பதற்கு என்ன காரணம்?

அரைக்கும் முன் கடுகின் குணத்தைத் தெரிந்துகொள்வது உதவும். முழுக் கடுகை வாயில் போட்டால் காரம் தெரியாது. அதை உடைத்து நீர் பட்டதும், உள்ளே தனித்தனியாக இருந்த ஒரு நொதியும் ஒரு கந்தகச் சேர்மமும் சந்தித்து, மூக்கில் ஏறும் அந்தக் காரத்தை உண்டாக்குகின்றன. சூடு அந்த நொதியைச் செயலிழக்கச் செய்துவிடும். அதனால்தான் எண்ணெயில் தாளித்த கடுகு மணக்கிறதே தவிரக் காரமாக இருப்பதில்லை. பச்சையாகப் பொடித்த கடுகு சேரும் ஆவக்காய் மட்டும் மூக்கைச் சுரீர் என்று இழுக்கிறது. புளிப்பும் நொதியின் வேகத்தைக் குறைக்கும். ஹாட் டாக்குக்கு வேண்டியது மட்டான காரம் என்பதால் கடுகைத் தொடக்கத்திலேயே வினிகரில் ஊறவைக்கிறோம்.

நான்கு மேசைக்கரண்டி கடுகை நான்கு மேசைக்கரண்டி வினிகரும் அதே அளவு தண்ணீரும் சேர்த்து ஓர் இரவு ஊறவிடுங்கள். வடஇந்திய மளிகைப் பொருள்கள் விற்கும் சௌகார்பேட்டைக் கடைகளில் மஞ்சள் கடுகு கிடைத்தால் நிறமும் மென்மையும் கூடுதலாகக் கிடைக்கும். நம் அஞ்சறைப் பெட்டியின் கருங்கடுகிலும் செய்யலாம், சற்று கறுத்த, முரட்டுத்தனமான சாஸாக வரும். மறுநாள் அரைத் தேக்கரண்டி மஞ்சள்தூள், முக்கால் தேக்கரண்டி உப்பு, ஒரு தேக்கரண்டி சர்க்கரை சேர்த்து மிக்ஸியின் சட்னி ஜாரில் விட்டுவிட்டு ஓட்டி, வழித்து வழித்து அரையுங்கள். அரைத்தவுடன் நாக்கில் வைத்துப் பார்த்தால் கசப்பாக இருக்கும். வீணாகிவிட்டது என்று கொட்டிவிடாதீர்கள். கண்ணாடிப் பாட்டிலில் மூடி ஒன்றிரண்டு நாள் ஃப்ரிட்ஜில் வைத்தால் கசப்பு அடங்கிவிடும். அதற்குப் பிறகும் காரம் தூக்கலாகத் தெரிந்தால், பாட்டிலை வெந்நீரில் ஐந்து நிமிடம் நிற்க வைத்துக் கிளறினால் தணியும்.

வெங்காய சாஸ்

தள்ளுவண்டிச் சுவை என்று நாக்கு நினைவில் வைத்துக்கொள்வது இதைத்தான். சுமார் 350 கிராம் பெரிய வெங்காயம், அதாவது நடுத்தர அளவில் மூன்று, தேவைப்படும். பாதியாக வெட்டி, பிறை வடிவில் மெல்லியதாக நறுக்கிக்கொள்ளுங்கள். அடி கனத்த வாணலியில் இரண்டு மேசைக்கரண்டி மணமில்லாத எண்ணெயைக் காயவைத்து, வெங்காயத்தையும் ஒரு சிட்டிகை உப்பையும் போட்டு, மிதமான தீயில் கண்ணாடி போலாகும்வரை வதக்குங்கள். இந்த இடத்தில் நம் கை தானாகவே கடுகையும் கறிவேப்பிலையையும் தேடும். இஞ்சி பூண்டு விழுதின் மூடியைத் திறக்கவும் தோன்றும். கட்டுப்படுத்திக்கொள்ளுங்கள். வெங்காயம் பொன்னிறமாகவும் கூடாது. பிரியாணிக்கு வறுப்பது போல வறுத்தால் இனிப்பு ஓங்கி, சாசேஜின் உப்புச் சுவையை அமுக்கிவிடும்.

வெங்காயம் தளர்ந்ததும் அரைத் தேக்கரண்டி காஷ்மீரி மிளகாய்த்தூளும், விரல் நுனியால் கிள்ளும் அளவு பட்டைத்தூளும் சேர்த்து ஒரு நிமிடம் கிளறி, மூன்று மேசைக்கரண்டி தக்காளி கெட்சப், இரண்டு தேக்கரண்டி வினிகர், ஒரு கப் தண்ணீர் ஊற்றி, மூடியைச் சற்றே திறந்துவைத்துச் சிறுதீயில் 25 முதல் 30 நிமிடம் கொதிக்க விடுங்கள். பட்டையின் அளவில் தாராளம் காட்டினால் சாஸ் குருமா வாசனைக்குப் போய்விடும் என்பதால் சிட்டிகை என்பது சிட்டிகையாகவே இருக்கட்டும். கரண்டியில் எடுத்தால் வழியாமல் தளர்வாக நிற்கும் பதம் வந்ததும் உப்பைச் சரிபார்த்து இறக்குங்கள். சின்ன வெங்காயத்தில் செய்தால் இன்னும் ருசியாக இருக்குமே என்று பலரும் கேட்கிறார்கள். உரிக்கும் பாட்டுக்கு ஏற்ற பலன் கிடைப்பதில்லை என்பது என் அனுபவம்.

வண்டிகளில் இன்னொரு தொட்டியில் இருக்கும் புளித்த முட்டைக்கோஸைச் செய்ய விரும்புவோர், ஒரு கிலோ நறுக்கிய கோஸுக்கு 20 கிராம் கல் உப்பு என்ற கணக்கில் பிசைந்து, அது விடும் நீரிலேயே முழுக்க மூழ்கும்படி ஜாடியில் அமுக்கி வைக்க வேண்டும். குளிர்நாடுகளில் வாரக்கணக்கில் நடக்கும் இந்தப் புளிப்பு, சென்னை வெயிலில் நான்கைந்து நாளிலேயே போதுமான அளவுக்கு வந்துவிடும். மூன்றாம் நாளிலிருந்து ருசி பார்த்து, பிடித்த புளிப்பு வந்ததும் ஃப்ரிட்ஜுக்கு மாற்றிவிடுங்கள். முதல் முறை செய்பவர்கள் இதைத் தவிர்த்துவிட்டாலும் குறையொன்றுமில்லை.

வெந்நீரில் சாசேஜ்

உறைந்த சாசேஜை முந்தின இரவே ஃப்ரிட்ஜின் கீழ்த்தட்டுக்கு மாற்றி உருக விடுங்கள். மேடையில் வைத்து உருக்குவது நம் ஊர்ச் சூட்டுக்கு ஆபத்தானது. அகலமான பாத்திரத்தில் ஒன்றரை லிட்டர் தண்ணீருடன் இரண்டு தேக்கரண்டி உப்பு, ஒரு மேசைக்கரண்டி வினிகர், நசுக்கிய மூன்று பூண்டுப் பல், ஒரு பிரிஞ்சி இலை, அரைத் தேக்கரண்டி உடைத்த மிளகு சேர்த்துக் கொதிக்க வையுங்கள். ஐந்து நிமிடம் கொதித்து வாசனை இறங்கியதும் தீயை நன்றாகக் குறைத்து, கொதி முழுவதும் அடங்கிய பிறகே சாசேஜ்களை உள்ளே விடுங்கள். பாத்திரத்தின் அடியில் சிறு குமிழ்கள் மணிமணியாக ஒட்டியிருக்க, மேற்பரப்பு அசையாமல் ஆவி மட்டும் பறக்கும் நிலைதான் நமக்கு வேண்டியது. வெப்பமானியில் பார்த்தால் அது 80 டிகிரி செல்சியஸை ஒட்டியிருக்கும்.

தளதளவென்று கொதிக்கவிட்டால் என்ன ஆகும் என்பதை முதல் முயற்சியிலேயே கற்றுக்கொண்டேன். ஆறு சாசேஜில் நான்கு நீளவாக்கில் வெடித்து, உள்ளிருந்த கொழுப்பும் உப்பும் தண்ணீரோடு போய், கையில் மிஞ்சியது சக்கை. முட்கரண்டியால் குத்தினாலும் இதே கதிதான். எனவே திருப்புவதற்கு இடுக்கியைப் பயன்படுத்துங்கள். ஏற்கெனவே வெந்த வகைக்கு 10 முதல் 12 நிமிடம் போதும். பச்சையாக உறைய வைத்த வகைக்கு 20 நிமிடம்வரை தேவைப்படலாம். எந்த வகையானாலும் உள்ளே 74 டிகிரி எட்ட வேண்டும். வெப்பமானி இல்லாதவர்கள் ஒன்றை நடுவில் வெட்டி, உள்ளிருந்து ஆவி பறக்கிறதா என்று பார்க்கலாம். லிஸ்டீரியா என்ற நுண்ணுயிரி ஃப்ரிட்ஜின் குளிரிலும் பெருகக்கூடியது என்பதால், வெந்த சாசேஜ்தானே என்று கர்ப்பிணிகளும் முதியவர்களும் அதைச் சூடாக்காமல் உண்ணக்கூடாது.

விருந்தினர் ஒவ்வொருவராக வரும் நாளில் இந்த முறையின் அருமை தெரியும். தீயைச் சிம்மில் வைத்துத் தண்ணீரை 60 டிகிரிக்குக் கீழே இறங்காமல் பார்த்துக்கொண்டால், அரை மணி, முக்கால் மணி நேரம்வரை சாசேஜ் கெடாமலும் வறளாமலும் காத்திருக்கும். கோழிச் சாசேஜுக்கு மட்டும் ஒரு சலுகை தரலாம். அதற்குப் பல்லில் படும் தோல் இருப்பதில்லை என்பதால், நீரிலிருந்து எடுத்துத் துடைத்து, வெண்ணெய் தடவிய தோசைக்கல்லில் ஒரு நிமிடம் உருட்டினால் மேற்புறம் இலேசாக இறுகும். தோசைக்கல்லைக் குறை சொல்லித் தொடங்கியவன் அதற்கே திரும்பிவிட்டானே என்று நீங்கள் சிரிக்கலாம். சமைப்பதற்கு வெந்நீர், மெருகேற்றுவதற்கு மட்டும் கல் என்பதே இங்கே கணக்கு.

ஆவியில் பன்

பன்னைப் பக்கவாட்டில் கீறி, மறுபுறம் ஒரு விரற்கடை அளவு ஒட்டியிருக்கும்படி விடுங்கள். முழுவதும் வெட்டிவிட்டால் அது சாண்ட்விச்சாகிவிடும். இட்லிப் பானையில் தண்ணீரைக் கொதிக்கவிட்டு, இட்லித் தட்டைக் கவிழ்த்து வைத்து, அதன் மேல் இட்லித் துணியை விரித்துப் பன்களை அடுக்குங்கள். மூடியின் உட்புறத்தில் திரளும் நீர் சொட்டாமலிருக்க மூடிக்கும் ஒரு துணி கட்டிவிடுவது அவசியம். 30 முதல் 40 விநாடி போதும். ஒரு நிமிடத்தைத் தாண்டினால் பன் நனைந்த பஞ்சு போல் கையோடு ஒட்டும். முந்தின நாள் பன்னாக இருந்தால் கூடுதலாக 10 விநாடி கொடுக்கலாம்.

கீழே வெந்நீரில் சாசேஜ், மேலே தட்டில் பன் என்று ஒரே பானையில் முடித்துவிடலாமே என்ற யோசனை எல்லோருக்கும் வரும். பன் மெத்தென்றாகும் அளவுக்கு ஆவி எழ வேண்டுமானால் தண்ணீர் கொதிக்க வேண்டும். சாசேஜுக்கோ கொதி ஆகாது. எனவே இரண்டு பாத்திரங்கள்தான். இட்லிப் பானையில் அசைவம் படக்கூடாது என்ற கட்டுப்பாடுள்ள வீடுகளுக்கும் இதனால் சங்கடமில்லை. அதற்குள் போவது பன் மட்டும்தான்.

அடுக்கும் வரிசை

அமெரிக்காவின் ‘ஹாட் டாக், சாசேஜ் கவுன்சில்’ என்ற தொழில்துறை அமைப்பு இதற்கென விளையாட்டும் வினயமும் கலந்து ஓர் ஆசார விதியே வகுத்திருக்கிறது. சாஸ் வகைகளைப் பன்னில் தடவாமல் சாசேஜின் மேல் இட வேண்டும். முதலில் கடுகு போன்ற ஈரமானவை, பிறகு வெங்காயம், கோஸ் போன்ற துண்டுகள், அதன்பின் சீஸ், கடைசியில் மசாலாத் தூவல். 18 வயதுக்கு மேற்பட்டோர் கெட்சப் தொடக்கூடாது என்பதும் அதில் ஒன்று. வரிசைக்குக் காரணம் உண்டு: பன்னில் சாஸ் இட்டால் இரண்டு நிமிடத்தில் அது ஊறிக் கிழிந்துவிடும். ஆவியிலிருந்து எடுத்த பன்னில் சாசேஜை வைத்து, அதன் முதுகில் ஒரு கோடு கடுகும், மேலே ஒரு மேசைக்கரண்டி வெங்காய சாஸும் இட்டு, உடனே காகிதத்தில் சுற்றிக் கையில் கொடுத்துவிடுங்கள். ஒரு நிமிடம் சுற்றியபடி இருந்தால் ஆவி பன்னுக்குள் பரவி எல்லாம் ஒன்றுசேரும்.

சிகாகோ முறையை விரும்புவோர் வெங்காய சாஸை விட்டுவிட்டு, கடுகு, பொடியாக நறுக்கிய பச்சை வெங்காயம், இனிப்புப் புளிப்பான வெள்ளரி ரெலிஷ், தக்காளித் துண்டுகள், ஊறுகாயாக்கிய வெள்ளரிக் கீற்று, வினிகரில் ஊறிய மிளகாய், செலரி உப்பு ஆகியவற்றை அடுக்க வேண்டும்; பன்னிலும் கசகசா தூவியிருக்கும். மாங்காய் வரும் மாதங்களில் நான் வெள்ளரிக் கீற்றுக்குப் பதிலாக மெரினாச் சுண்டலில் தூவுவது போன்ற மாங்காய்த் துருவலைப் போடுவதுண்டு. புளிப்பு சரியாகப் பொருந்துகிறது. மயோனைஸ் வேண்டும் என்பவர்கள் முட்டையில்லாததை வாங்குங்கள். பச்சை முட்டையில் செய்த மயோனைஸுக்குத் தமிழ்நாடு அரசு 2025 ஏப்ரலில் ஓராண்டுத் தடை விதித்ததற்குக் காரணம் அதில் எளிதில் பெருகும் நுண்ணுயிரிகள்தாம். வீட்டில் அடித்தாலும் அந்த ஆபத்து அப்படியேதான் இருக்கும்.

நான்கு வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கு வட்ட வட்டமாக நறுக்கிக் கொடுக்காதீர்கள். அந்த வடிவம் தொண்டையை அடைத்துக்கொள்ளக் கூடியது. நீளவாக்கில் நான்காகக் கீறி, பிறகு பொடியாக்கிக் கொடுப்பதே பாதுகாப்பு. பெரியவர்களுக்கும் இது வாரந்தோறும் செய்யும் பண்டமாக வேண்டாம். உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2015-இல் பதப்படுத்திய இறைச்சியைப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள்களின் முதல் பிரிவில் சேர்த்தது. நாள்தோறும் 50 கிராம் உண்பது பெருங்குடல் புற்றுநோய் அபாயத்தைச் சுமார் 18 விழுக்காடு கூட்டுகிறது என்பது அதன் கணிப்பு. ஒரு சாசேஜே ஏறக்குறைய அந்த எடைதான்.

பிரித்த பாக்கெட்டில் மிஞ்சிய சாசேஜை ஃப்ரிட்ஜில் ஒரு வாரத்துக்குள் தீர்த்துவிடுங்கள். வெந்நீரில் ஒருமுறை சூடேறியதை மறுபடி உறைய வைக்க வேண்டாம். சாசேஜ் வெந்த நீரைக் கொட்டிவிடுங்கள். கடுகு சாஸ் ஃப்ரிட்ஜில் ஒரு மாதம் தாங்கும். வெங்காய சாஸ் நான்கு நாள் தாங்கும் என்று சொல்லலாம். ஆனால் என் வீட்டில் மறுநாள் காலையே தோசைக்குத் தொட்டுக்கொண்டு தீர்த்துவிடுகிறார்கள்.